மாமா பெண்ணும் அத்தை பையனும் சேர்ந்து எழுதிய நாவலுக்குப் பதிப்பாளர் கிடைப்பாரா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து வளர்ந்து, இப்போது ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கும் பெண். அவருடைய அத்தை மகன் பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இருவரும் சேர்ந்து தமிழில் மூன்று பாக ஃபேன்டஸி நாவல் ஒன்றை எழுதுகிறார்கள். முதல் பாகம் 1,40,000 சொற்களில் முடிந்திருக்கிறது. பெங்களூரில் தூர்த்துக் கட்டடம் எழுப்பிய ஒவ்வொரு ஏரிக்கு அடியிலும் அதன் காவல் பூதம் இன்னும் தூங்காமல் கிடக்கிறது என்பது கரு. ஐந்து பதிப்பகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றிலிருந்து மூச்சில்லை. ஒருவர் "ரொம்ப நீளம்" என்றாராம். இன்னொருவர் "பணம் கட்டுவீர்கள் என்றால் பார்க்கலாம்" என்றாராம். பதிப்பாளரை எப்படிப் பிடிப்பது, எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேசும் ஏஜென்ட் வேண்டுமா, அட்டையில் யார் பெயர் முதலில் என்று கேட்கிறார்.

நான் பெங்களூர் அல்சூரில் இருபது வருஷமாக இருக்கிறேன். சில பதிப்பகங்களுக்குக் கைப்பிரதி வாசித்துக் கருத்துச் சொல்வது என் பகுதிநேர வேலை. ஒரு நண்பரோடு சேர்ந்து நாவல் எழுதப் போய், நாவலும் இல்லாமல் நட்பும் இல்லாமல் திரும்பி வந்தவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

பதிப்பாளர் கொஞ்சம் காத்திருக்கட்டும். நீங்கள் இணைத்திருந்த மூன்றாம், நான்காம் அத்தியாயங்களைப் படித்தேன். மூன்றில் உங்கள் நாயகி கதவை "அடைக்கிறாள்". நான்கில் அதே பெண் அதே கதவைச் "சாத்துகிறாள்". மூன்றில் மழை "வெறிக்கிறது", நான்கில் "நிற்கிறது". மூன்றில் ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்கிறார், நான்கில் குந்துகிறார். மூன்றை எழுதியது நீங்கள், நான்கை எழுதியது அவர் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. பாத்திரங்கள் பேசும்போது இந்தக் கலப்பு இருந்தால் அழகு, ஸ்ரீராமபுரத்துத் தமிழுக்கு நாவலில் இடம் கிடைப்பது எனக்குச் சந்தோஷமும்கூட. ஆனால் இது கதைசொல்லியின் குரல். பூதமும் ஏரியும் இருக்கிற கதையில் வாசகன் நம்பிப் பிடித்துக்கொள்ள இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். அது பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஊர் மாறினால் மாயம் கலைந்துவிடும். கைப்பிரதி வாசிக்கிறவருக்கு இது இருபதாம் பக்கத்துக்குள் பிடிபட்டுவிடும். காரணத்தை எழுதி அனுப்ப நேரமிருக்காது, ஓரமாக வைத்துவிடுவார். அந்த மூன்று மௌனங்களில் ஒன்றாவது இப்படி வந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. உங்கள் இருவரையும் தெரியாத ஒரு வாசகரிடம் எட்டு அத்தியாயங்களைக் கொடுத்து, கை மாறியதாகத் தோன்றும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு சரியாக விழுந்த இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். நானும் நண்பரும் இதைச் செய்தபோது வாசித்தவர் ஒன்றுகூடத் தவறவில்லை. அவருக்கு எழுத்து வேலையே கிடையாது, வங்கியில் காசாளர்.

சேர்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேலையைத்தான் பிரித்துக்கொள்கிறார்கள், முடிவெடுக்கும் உரிமையைப் பிரித்துக்கொள்வதில்லை. சண்டை எல்லாம் அங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலத்தில் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பெயரில் அறிவியல் புனைவு எழுதுகிறவர் ஒரு ஆள் இல்லை, டேனியல் ஏபிரகாம், டை ஃப்ராங்க் என்று இரண்டு பேர். ஆளுக்கொரு பாத்திரத்தின் கண் வழியாக அத்தியாயங்களை எழுதிவிட்டு, பிரதியை மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதியதை மற்றவர் செப்பனிட்டார்கள். உங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அதற்கு மேல் ஒரு படி வேண்டும். மொழியில் கடைசிச் சொல் உங்களுடையது, பூத உலகத்தின் சட்டத்தில் கடைசிச் சொல் அவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கடைசிப் பிரதியை மட்டும் தலையிலிருந்து வால் வரை ஒரே கை தட்டச்சு செய்யட்டும். வெட்டி ஒட்டக் கூடாது, ஒவ்வொரு வரியையும் திரும்ப அடிக்க வேண்டும். 1,40,000 சொல்லா என்று மலைக்காதீர்கள். அடிக்கும்போதே முப்பதாயிரம் சொல் தானாக உதிர்ந்துவிடும். நீளம் என்று சொன்ன பதிப்பாளருக்கும் அதுவே பாதிப் பதில்.

சனிக்கிழமை காலையில் நேரில் உட்காருங்கள். நீங்கள் காடுகோடியில் மெட்ரோ ஏறினால் நேராக அல்சூரில் இறங்கலாம். அவர் ஸ்ரீராமபுரத்தில் பச்சைத் தடத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறி வரட்டும். ஏரிக்கரையோரம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்கே நூலகமும் உண்டு. ஆனால் நூலகத்தில் வாய்விட்டு வாசித்தால் விரட்டுவார்கள், உங்களுக்கோ வாய்விட்டு வாசிப்பதுதான் தேவை. அதனால் ஏரிக்கரைக்கே போய்விடுங்கள். நீங்கள் எழுதியதை அவர் வாசிக்க வேண்டும், அவர் எழுதியதை நீங்கள் வாசிக்க வேண்டும். நாக்கு இடறுகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை இருக்கும்.

ஒரு சின்ன விஷயம், கணினிக்காரர்களான உங்களுக்கே தப்பியிருக்கிறது. உங்கள் தலைமைப் பூதத்தின் பெயரில் "கோ" வருகிறது. கண்ணால் எண்ணினால் இரண்டு அத்தியாயத்தில் 19 இடங்கள். தேடிப் பார்த்தால் 11தான் கிடைக்கிறது. உங்களில் ஒருவருடைய விசைப்பலகை ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகப் போடுகிறது. மற்றவருடையது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடுகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. "ஸ்ரீ"யிலும் இதே கூத்து நடக்கும். ஸ்ரீராமபுரத்தில் நடக்கிற கதை என்பதால் முன்கூட்டியே எச்சரிக்கிறேன். பெயரை மாற்ற நினைத்து ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றினால் பாதிப் பூதங்கள் பழைய பெயரிலேயே அச்சேறும்.

கருவைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் எனக்குப் பிடித்தது ஏரிகள். பிடிக்காதது இரண்டாம் பாகத்தில் வரும் வெள்ளைத் தாடி மந்திரவாதி. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரியின் தரையில். கண்டீரவா மைதானம் இருப்பது சம்பங்கி ஏரியின் இடத்தில். தினமும் லட்சம் பேர் மிதித்துப் போகிற இடத்துக்கு அடியில் ஒரு பூதம் என்றால் எந்த ஊர் வாசகனுக்கும் கால் கூசும். கோட்டை வாசல் நிலைத்து நிற்பதற்காக, பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடரின் மருமகள் தன்னையே பலிகொடுத்தார் என்று இந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது, கோரமங்கலாவில் அவருக்கு நினைவிடமும் உண்டு. இவ்வளவு கையருகே இருக்க, தாடிக்காரரை எங்கிருந்தோ வரவழைப்பது ஏன்?

பூதத்துக்கு என்ன சட்டம் வைப்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிலப்பதிகாரத்தில் இந்திர விழவூர் எடுத்த காதையைப் பாருங்கள். புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள். திருடனைத் திருடிய பொதியோடு கழுத்து வலிக்கச் சுமக்க வைக்கிறது ஒன்று. இன்னொன்றில் ஒரு பொய்கை, குளித்தால் உடற்குறை நீங்கும். ஒன்றில் நெடுங்கல், நஞ்சுண்டவரும் பித்தேறியவரும் அதைச் சுற்றி வந்து தெளிவார்கள். பூத சதுக்கத்தில் பொய்ச்சாட்சி சொல்கிறவர்களையும் போலித் தவசிகளையும் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும் பூதம். கடைசி மன்றத்தில் ஒரு பாவை. அரசன் முறை தவறினால் அது வாய் திறக்காது, கண்ணீர் மட்டும் விடும். ஒவ்வொரு மாயத்துக்கும் ஒரே வேலை, ஒரே எல்லை. அதைத் தாண்டி அது எதுவும் செய்யாது. ஃபேன்டஸிக்கு வேண்டிய சட்டம் அவ்வளவுதான். உங்கள் பூதங்கள் இப்போது பறக்கின்றன, மறைகின்றன, காலத்தில் பின்னால் போகின்றன, நெருப்பும் கக்குகின்றன. எல்லாம் முடிந்தவனுக்குக் கதையில் வேலை இருக்காது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, பத்திரம். "சொந்தத்துக்குள் எதற்குப் பத்திரம்" என்று உங்கள் அத்தை சொல்வார். சொந்தம் என்பதால்தான் வேண்டும். நண்பனோடு முறிந்தால் அவனை மறுபடி பார்க்காமல் இருந்துவிடலாம். உங்களுக்கு அடுத்த கல்யாண வீட்டில் ஒரே பந்தி.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பு என்று எதைச் சொல்கிறது தெரியுமா? ஒருவரின் பங்கை மற்றவரின் பங்கிலிருந்து பிரித்தறிய முடியாதபடி சேர்ந்து உருவாக்கியதை. ஒற்றைப்படை அத்தியாயம் உங்களுடையது, இரட்டைப்படை அவருடையது என்று நிற்கும் கைப்பிரதி அந்த வரையறைக்குள் வருமா என்று நாளைக்கு ஒரு வக்கீல் கேட்கலாம். முழு நாவலும் இருவருக்கும் பொதுவான கூட்டுப் படைப்பு என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. அதே தாளில் வருமானப் பங்கு, திரைப்பட, ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைக்கு இருவர் சம்மதமும் வேண்டும் என்பது, ஒருவர் விலகினால் அந்த உலகத்தையும் பூதங்களையும் வைத்து மற்றவர் தனியாக எழுதலாமா கூடாதா என்பது எல்லாம் இருக்கட்டும். என் விஷயத்தில் முறிந்தது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். பணத்துக்காக நாங்கள் சண்டை போட்டதே இல்லை, பணமே வரவில்லை. எங்கள் நாயகனை அவர் தன் அடுத்த சிறுகதையில் செத்துப்போக வைத்தார்.

இந்த உரிமை உங்களோடு முடிவதும் இல்லை. கூட்டுப் படைப்புக்கு, இருவரில் கடைசியாக இறப்பவரின் மரணத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்பு உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்று இல்லை, எழுதிய கணமே உரிமை வந்துவிடும். சாட்சிக்கு வேண்டுமென்றால் 500 ரூபாய் கட்டணத்தில் பதியலாம்.

இப்போது பதிப்பாளர். தமிழில் ஏஜென்ட் என்று தேடி அலையாதீர்கள், எழுத்தாளர்கள் நேராகத்தான் அனுப்புகிறார்கள். எழுத்தாளர் கையில் இருப்பது பதிப்பகத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான். நீங்கள் அனுப்பிய ஐந்தில் இரண்டு, கட்டுரை நூல்களும் மொழிபெயர்ப்புகளும் போடுகிறவை. அவர்கள் பட்டியலைப் பார்த்திருந்தாலே தபால் செலவு மிஞ்சியிருக்கும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போங்கள். கைப்பிரதியைக் கொண்டுபோகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் கடையில் நிற்கிறவருக்கு சில்லறை கொடுக்கவே நேரமில்லை. யார் அறிமுக எழுத்தாளரின் நாவலைப் போட்டிருக்கிறார்கள், யார் பெரிய நாவலுக்குத் துணிகிறார்கள், யாருடைய நூலில் எழுத்துப் பிழை இல்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். பெங்களூரிலும் 2022 டிசம்பரில் தமிழ்ப் புத்தகத் திருவிழா தொடங்கியது. நிதானமாகப் பேச அதுவே வசதி. அனுப்புவது பிப்ரவரிக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பினால் எல்லோரும் புத்தகக் காட்சிக்கு அச்சகத்தில் உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் மின்னஞ்சல் அடியில் போய்விடும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். என்ன கதை, எத்தனை சொல், முடிந்ததா, இருவர் யார், அவ்வளவுதான். கூடவே முதல் மூன்று அத்தியாயம், இரண்டு பக்கத்தில் முழுக் கதை. முடிவை மறைக்காமல் சொல்லுங்கள். "முடிவைத் தெரிந்துகொள்ள நாவலைப் படியுங்கள்" என்று நீங்கள் எழுதியிருந்த வரியை எடுத்துவிடுங்கள். பதிப்பாளர் சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தவர் இல்லை. "தமிழில் இதுவரை யாரும் செய்யாத முயற்சி" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அம்புலிமாமா 1947லேயே வந்துவிட்டது, அதற்கு முன்னால் விக்கிரமாதித்தனும் வேதாளமும் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தொங்கியது வேதாளம் மட்டும்தான், இருந்தாலும் விஷயம் புரிந்திருக்கும்.

"நீளம்" என்றவர் கணக்கோடுதான் சொன்னார். டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்றால் உங்கள் முதல் பாகம் 700 பக்கம். 800 ரூபாய் விலை வைக்க வேண்டியிருக்கும். பெயர் தெரியாத இருவரின் நாவலுக்கு, அதுவும் இன்னும் இரண்டு பாகம் பாக்கி என்று தெரிந்து, 800 ரூபாய் யார் கொடுப்பார்? முதல் பாகத்தை 80,000 சொல்லுக்குள் கொண்டுவாருங்கள். 400 பக்கம், 450 ரூபாய். அது தனியாகவே முடிகிற கதையாக இருக்க வேண்டும். தர்மாம்புதிப் பூதத்தின் கதை அதில் முடியட்டும், மற்ற ஏரிகள் பின்னால் காத்திருக்கட்டும். ராயல்டி, அதாவது எழுதியவருக்கு வரும் பங்கு, வழக்கமாக விலையில் 10 சதவீதம். 300 பிரதி விற்றால் 13,500 ரூபாய், ஆளுக்கு 6,750. ஒயிட்ஃபீல்டு வாடகைக்கு ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவர்கள்தான் மூன்றாம் பாகம் வரை தாக்குப்பிடிக்கிறார்கள்.

ஒப்பந்தம் வந்தால் இருவரும் கையெழுத்திடுங்கள், ஒருவர் மட்டும் போடக் கூடாது. எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், அச்சா, மின்னூலா, ஒலியா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமையை வாங்கிக்கொண்டு ஓராண்டு வரை நூலைப் போடாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, உரிமை உங்களிடமே திரும்பும். இது தெரியாமல் எங்கள் இன்னொரு கைப்பிரதியை ஒருவரிடம் நாலு வருஷம் தூங்கவிட்டேன்.

பணம் கேட்டவரைப் பற்றி. அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பணம் உங்களுடையது என்றால் நீங்கள்தான் பதிப்பாளர், அவர் அச்சிட்டுக் கொடுக்கிறவர். எத்தனை பிரதி, பிரதிக்கு என்ன அடக்கம், எந்தக் கடைக்குப் போகும், மிச்சம் யார் வீட்டுப் பரணில் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு நீங்களே, கேட்கிறபோது கேட்கிற பிரதியை மட்டும் அச்சிடும் வழியில் போடலாம். நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குத் தனிக் கட்டணம் என்று பட்டியலில் இருந்தால் அந்தப் பட்டியலின் மற்ற வரிகளையும் சந்தேகியுங்கள்.

இணையத்தில் தொடராகப் போடலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். பிரதிலிபி என்ற கதைத் தளம் இதே பெங்களூரில் 2014இல் தொடங்கியதுதான், அங்கே தொடர்கதைக்கு வாசகர் உண்டு. வாசகர் எங்கே நிறுத்திவிடுகிறார் என்று அத்தியாயம் அத்தியாயமாகத் தெரியும், அது எந்த விமர்சனத்தையும்விட உபயோகம். ஆனால் முழு நாவலையும் இலவசமாகப் போட்டுவிட்டுப் பதிப்பாளரிடம் போனால் அவர் முகம் சுளிப்பார். முதல் பத்து அத்தியாயத்தோடு நிறுத்துங்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 70 சதவீத ராயல்டி இந்தியாவில் வேண்டுமென்றால் அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, பிரதிலிபியில் போட்டதையும் எடுக்க வேண்டும். பணம் ஒரே கணக்குக்குத்தான் போகும், இருவருக்கும் பிரித்து அனுப்ப மாட்டார்கள். யார் கணக்கு, மற்றவருக்கு எந்தத் தேதிக்குள் அனுப்புவது என்பதையும் அந்தப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள்.

யார் பெயர் முதலில்? எழுத்தாளர்கள் சுரேஷ், பாலகிருஷ்ணன் இருவரும் "சுபா" என்று ஒரே பெயரில் எழுதி இந்தச் சண்டையை ஒழித்துக்கட்டினார்கள்.  நீங்களும் ஒரு பெயர் தேடுங்கள். பிடிபடவில்லை என்றால் இந்தப் பாகத்தில் அவர் முன்னால், அடுத்ததில் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பிரதியை நீங்கள் அடிக்கிறீர்கள் என்பதைக் காரணம் காட்டி இரண்டிலும் முன்னால் வந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.

திருத்திய முதல் முப்பது பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். பென்சிலோடு உட்காருகிறேன்.